அப்பாவிடம் பழகிய மரவேலை, சனி ஞாயிறில் மட்டும்: வன்னியில் வேறு யாரும் இருக்கிறீர்களா?

கனகராயன்கரை எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். நான் கிளிநொச்சிப் பக்கம். கிழமை நாட்களில் கோப்பும் கணினியும், சனி ஞாயிறு வந்தால் பின்வளவுக் கொட்டிலில் சீவுளியும் உளியும். அப்பா தொழில்முறைத் தச்சர். முழங்கால் வருத்தம் வந்தபிறகு பட்டறையை விட்டுவிட்டார், ஆனாலும் நான் ஒரு பலகையைத் தூக்கினால் போதும், கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்துவிடுவார். சொல்லித் தருவார் என்று நினைக்காதீர்கள். "ம்ஹும்" என்பார், அவ்வளவுதான். வாள் சரிகிறதா, கை அழுத்துகிறதா, நிற்கிற கால் பிழையா என்று நானே தேடித் திருத்த வேண்டும். திருத்திவிட்டால் ஒன்றும் பேசாமல் தேத்தண்ணியைக் குடிப்பார். அதுதான் பாராட்டு.

சின்ன வயதில் என்னைப் பட்டறைக்குள் விட்டதே இல்லை. "போய்ப் படி" என்று கலைப்பார். நான் உத்தியோகம் எடுத்தபிறகுதான் உளியைக் கையில் தந்தார், அதுவும் நான் கேட்டுக் கேட்டு. இப்போது ஊரில் என்னடா என்றால், "படிச்ச பொடியனுக்கு ஏன் ஆசாரி வேலை?" என்று ஒரு கூட்டம். அதற்குள் இருக்கிற சாதிக் கதை எல்லாருக்கும் விளங்கும், நான் விரிக்கவில்லை. இன்னொரு கூட்டம், "படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடு, ஓர்டர் வரும், காசு பார்க்கலாம்" என்கிறது. இரண்டும் எனக்குச் சரிவரவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, செய்கிறேன். அதற்கு ஒரு பெயரும் விலையும் ஏன் வேண்டும்?

சரி, கேள்விக்கு வருகிறேன். ஒன்று, கரண்டில் ஓடும் சீவுளி வாங்க ஆசை, அப்பா வேண்டாம் என்கிறார். இரண்டு, நல்ல மரம் கொஞ்சமாக எங்கே எடுக்கலாம்? மரக்காலைக்குப் போய் இரண்டு துண்டு கேட்டால் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். மூன்று, அம்மாவுக்கு ஒரு இடியப்ப உரல் செய்ய வேண்டும், எந்த மரம் நல்லது?


மரக்காலைத்தம்பி எழுதியது:

அந்த ஒரு மாதிரிப் பார்க்கிற ஆட்களில் நானும் ஒருவன், மன்னிக்கவும். கன அடிக் கணக்கில் விற்கிற இடத்தில் வந்து முழக்கணக்கில் கேட்டால் பின்ன எப்படிப் பார்ப்பது? ஆனால் உண்மையில் உங்களைப் போன்றவர்களுக்குத்தான் எங்களிடம் மலிவாகக் கிடைக்கும். அரிந்து முடிந்தபின் மிஞ்சுகிற தலைத்துண்டு, ஓரப்பலகை எல்லாம் விறகு விலைக்குப் போகிறது. "துண்டு இருக்கா அண்ணை" என்று கேளுங்கள், "பலகை இருக்கா" என்று கேட்காதீர்கள்.

மர வகை என்று பார்த்தால், பாலை என்றால் நமக்கெல்லாம் முதலில் பழம்தான் ஞாபகம் வரும், ஆனால் வைரம் பாய்ந்த பாலை தண்ணீரில் போட்டால் தாழும், ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். கூரை வளைக்கும் தூணுக்கும் அது ராசா. கைக்கருவியோடு பழகுகிற ஆளுக்கு வேண்டாத தலையிடி. முதிரை பார்க்க அழகு, சீவி முடித்தால் பட்டு மாதிரி மினுங்கும், ஆனால் நார் ஒரு வரி இந்தப் பக்கமும் அடுத்த வரி அந்தப் பக்கமுமாகப் பின்னிக்கொண்டு போகும். ஒரு பக்கமாகச் சீவினால் பாதி வழுவழுப்பு, பாதி பிய்ந்துபோகும். பழகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது வேம்பு, மலைவேம்பு, பலா. தேக்கும் நல்லதுதான், வன்னியில் வன இலாகா நட்ட தேக்கந்தோட்டங்கள் இருக்கின்றன, அரச மரக் கூட்டுத்தாபனத்தில் விலைக்கு எடுக்கலாம். விலை கேட்டால் தலை சுற்றும், அது வேறு கதை.

இன்னொன்று, சொந்தக் காணி மரம்தானே என்று வெட்டி லாண்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு ரோட்டில் ஏறிவிடாதீர்கள். பல இன மரங்களுக்கு ஏற்றிப் போக பெர்மிட் வேண்டும். பலா, ஈரப்பலா, பெண்பனை வெட்டுவதற்கே அனுமதி எடுக்க வேண்டும், 1951ஆம் ஆண்டுச் சட்டம் அது. கருங்காலி பக்கம் போகவே வேண்டாம். முதலில் விதானையாரை, அதுதான் கிராம அலுவலரை, கேளுங்கள், பிறகு கோடாலியை எடுங்கள்.

கடைசியாக, இது வன்னிக்கே உரிய பிரச்சினை. பழைய மரம் வாங்கினால் உள்ளே சண்டைக்காலச் செல் (எறிகணை) துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். வேலியோரப் பூவரசு, புளி, வேம்பு எதிலும் இருக்கும். வெளியே பட்டை மூடிக் காயம் ஆறிப்போயிருக்கும், ஒன்றும் தெரியாது. காந்தம் மேலோட்டமாகத்தான் பிடிக்கும். நாங்கள் பார்க்கிற வழி என்னவென்றால் மரத்தின் வெட்டுமுகத்தைப் பார்ப்பது. இரும்பு இருந்தால் அதைச் சுற்றி நீலமும் கறுப்புமாகக் கறை பாய்ந்து நார் வழியே நீளமாக ஓடும். அந்தக் கறையைக் கண்டால் அந்தப் பக்கத்தை வாளுக்குக் கொடுக்க மாட்டோம். பாண்ட் வாளின் பல்லு ஒருமுறை போனால் அன்றைய உழைப்பு சரி.


உளிப்பிடி எழுதியது:

கோபப்படாமல் வாசியுங்கள் தம்பி. நான் இந்தத் தொழிலில்தான் பிள்ளைகளை வளர்த்தேன். ஒரு வாங்குக்குக் கூலி சொன்னால், "அங்காலை ஒழுங்கைப் பொடியன் மரக்காசுக்கே செய்து தாறானாம்" என்கிறார்கள். அந்தப் பொடியன் உங்களைப் போல ஒரு ஆள்தான். அவருக்கு மாதம் முடிய சம்பளம் வருகிறது. எனக்கு வாங்கு விற்றால்தான் அரிசி.

ஏற்கெனவே பிளாஸ்டிக் கதிரை வந்து கதிரை வேலை போனது. அலுமினியம் வந்து யன்னல் போனது. சண்டை முடிந்து வீட்டுத்திட்டங்கள் வந்த நேரம் கொஞ்சக் காலம் மூச்சு விட்டோம், கதவு நிலை, கைமரம், சலாகை என்று இரவு பகலாக வேலை. இப்போது அதுவும் இல்லை. மிஞ்சியிருப்பது சாமித்தட்டும் கட்டிலும்தான். அதையும் நீங்கள் பொழுதுபோக்குக்குச் செய்து சும்மா கொடுத்தால் நாங்கள் எங்கே போவது? அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், அவர் ஒருநாளும் கூலி இல்லாமல் செய்திருக்க மாட்டார்.


முள்ளியவளைக்காரி எழுதியது:

உளிப்பிடி அண்ணை சொல்வதில் ஞாயம் இருக்கிறது. ஆனால் தன் அம்மாவுக்கு இடியப்ப உரல் செய்கிற பிள்ளையில் அந்தக் கோபத்தைக் காட்டத் தேவையில்லை என்றும் நினைக்கிறேன்.

நான் பெண். என் அப்பாவும் தச்சுவேலைதான், கதவு நிலை செய்வதில் கெட்டிக்காரர். எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை, அதனால் கரிநூலின் மற்ற நுனியைப் பிடிக்க நான்தான். மரத்தில் நூலை இழுத்துப் பிடித்து நடுவில் தூக்கி ஒரு தட்டுத் தட்டுவார், கறுப்புக் கோடு விழும். நுனி கொஞ்சம் அசைந்தால் கோடு இரட்டையாக விழும், அப்பா என் பக்கம் திரும்பி ஒரு பார்வை. எனக்கு மரவேலை முதலில் வந்தது அந்த அசையாமல் நிற்பதில்தான். உளி பிறகு.

அவருடைய உளிகளில் பாதி கடையில் வாங்கியதே இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் கொல்லரிடம் லொறி வில்லுத்தகட்டைக் கொடுத்து அடிப்பித்தவை. பிடி அவரே போட்டார். இடப்பெயர்வில் ஒரு சீவுளியையும் சில உளிகளையும் உரப்பையில் சுற்றிக் கொண்டு வந்தார், மற்றதெல்லாம் அங்கேயே போனது. அந்த வில்லுத்தகட்டு உளி இப்போதும் என்னிடம் இருக்கிறது, புதிதாக வாங்கியதைவிடக் கூர் நிற்கும்.

கரண்ட் சீவுளி பற்றி: வாங்குங்கள், ஆனால் இப்போது வேண்டாம். கைச்சீவுளியில் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கையே சொல்லும். எதிர்ப்பக்கம் தள்ளினால் சத்தம் மாறும், தடக்கும். மெசின் அதைக் காட்டாது, பிய்த்துவிட்டுப் பிறகுதான் காட்டும். அந்தச் சத்தம் காதில் ஏறும்வரை அப்பா சொல்வதைக் கேளுங்கள்.

முதிரை வைத்து வேலை செய்தால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளுங்கள். அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் தரும், மூச்சும் முட்டும். எனக்கு முழங்கை வரை தடித்துப்போனது. எங்கள் ஆட்கள் "மரத்தூள் என்ன செய்யும்" என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.


பாலைப்பழம் எழுதியது:

நான் மரவேலைக்காரன் இல்லை, வாசித்துக்கொண்டு போகிறேன். அந்த "ம்ஹும்" எங்கள் வீட்டிலும் இருக்கிறது, ஆனால் எங்களுடையது வயல்.


ஸ்காபரோ வன்னியான் எழுதியது:

இங்கே கனடாவில் என் வீட்டு நிலவறையில் டேபிள் சோ, பாண்ட் சோ, தூள் உறிஞ்சுகிற மெசின் எல்லாம் இருக்கிறது. மேப்பிளும் ஓக்கும் கடையில் ஒரேயளவாகச் சீவியே தருவார்கள். ஆனால் எனக்குத் தெரிந்த மரவேலை அப்பாவிடம் பார்த்த மரவேலை, அவர் காலைப் பட்டறையாக வைத்தார். பலகையை நிலத்தில் போட்டு, பெருவிரலால் ஒரு பக்கம் மிதித்து, மறுபக்கம் வாள். இங்கே அப்படி ஒருவர் செய்தால் பாதுகாப்பு விதி பேசியே கொன்றுவிடுவார்கள். நியாயமும்தான், நான் அதைச் செய்யச் சொல்லவில்லை.

உளிப்பிடி அண்ணைக்கு: இங்கே பொழுதுபோக்குக்காரர் நிறையப் பேர், தொழில்காரரும் நிறையப் பேர். இரண்டும் ஓடுகிறது. ஏனென்றால் பொழுதுபோக்குக்காரன் ஒரு கதிரை செய்து பார்த்தபிறகுதான் கதிரைக்கு ஏன் அந்த விலை என்று அவனுக்கு விளங்குகிறது. அடுத்தமுறை கூலிக்குப் பேரம் பேச மாட்டான்.


உளிப்பிடி எழுதியது:

அங்கே சரி. இங்கே பேரம் பேசுகிறவர் கதிரை செய்து பார்த்தவர் இல்லை தம்பி, கதிரை செய்தவரின் பக்கத்து வீட்டுக்காரர்.


கனகராயன்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. உளிப்பிடி அண்ணை, உங்கள் பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவன் சொல்றது சரி, சும்மா குடுக்காதை" என்றார், உடனேயே. நான் எதிர்பார்த்தது வேறு, அவர் என் பக்கம் நிற்பார் என்றுதான் நினைத்தேன். அவர் சொன்ன வழி இது: வீட்டுக்கும் சகோதரங்களுக்கும் செய், வெளியாள் கேட்டால் இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற தச்சரின் பெயரைச் சொல்லி அனுப்பு. இனி அப்படித்தான் செய்யப்போகிறேன். அலுவலகத்தில் ஒருவர் புத்தக அலுமாரி கேட்டார், அவரையும் அனுப்பிவிட்டேன்.

ஆனால் ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பொழுதுபோக்கு என்றால் விளையாட்டுவேலை என்று எடுக்காதீர்கள். அப்பாவுக்கு ஒரு கதவு நிலைக்கு இத்தனை நாள் என்ற கணக்கு இருந்தது, அந்த நாளுக்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நட்டம். அதனால் அவர் ஆசைப்பட்ட பல வேலைகள் அவருக்குச் செய்யக் கிடைக்கவில்லை. இப்போது நான் ஒரு லாச்சிக்குப் புறாவால் மூட்டு (புறாவின் வால் மாதிரி விரிந்த பற்களை ஒன்றுக்குள் ஒன்று கோர்க்கிற மூட்டு) வெட்டுகிறபோது அவர் கதிரையை இன்னும் கிட்ட இழுக்கிறார். காசுக்குச் செய்த காலத்தில் லாச்சிக்கு ஆணியும் பசையும்தான், அதற்குமேல் யாரும் கூலி தரவில்லை. ஒரு மூட்டுக்கு ஒரு முழுப் பின்னேரத்தைக் கொடுக்க எனக்கு முடிகிறது, அவருக்கு முடிந்ததில்லை. அந்த ஆடம்பரம் அவர் உழைப்பில் எனக்கு வந்தது என்பது தெரியும்.

சீவுளி இப்போதைக்கு வாங்கவில்லை.

அடுத்த பிரச்சினை: போன கோடையில் செய்த சின்ன மேசையின் மேற்பலகை மாரியில் ஊதி ஓரம் மேலே எழும்பிவிட்டது. நான்கு பக்கமும் சட்டத்துக்குள் இறுக்கி ஒட்டியிருந்தேன். அப்பா சிரித்தார், காரணம் சொல்லவில்லை.


சோளகம் எழுதியது:

உங்கள் அப்பா சிரித்ததற்குக் காரணம் நான் சொல்கிறேன், பாடசாலையில் நிர்மாணத் தொழினுட்பம் படிப்பிக்கிறவன் என்பதால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

மரம் வெட்டியபிறகும் மூச்சு விடும். காற்றில் ஈரம் கூடினால் உறிஞ்சி ஊதும், குறைந்தால் சுருங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரேயளவில் இல்லை. நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையவே அசையாது. அகலத்தில்தான் அசைவு, அதிலும் வளையத்தின் சுற்றுப்போக்கில் சுருங்குவது நடுவிலிருந்து வெளியே போகும் போக்கில் சுருங்குவதைவிடப் பொதுவாக இரண்டு மடங்கு. வன்னியில் ஆடி, ஆவணிச் சோளகக் காற்றில் காய்ந்து கிடக்கும்போது அளந்து இறுக்கினால், ஐப்பசி, கார்த்திகை மழையில் அது ஊத இடம் தேடும். இடம் இல்லையென்றால் மேலே எழும்பும், அல்லது மூட்டைப் பிளக்கும். நம் வீட்டுக் கதவெல்லாம் மாரியில் இறுகி, பங்குனியில் தானாகத் திறப்பது இதனால்தான்.

செய்ய வேண்டியது: பலகையைச் சட்டத்தில் ஒட்டாதீர்கள். சட்டத்தில் ஒரு பள்ளம் வெட்டி அதற்குள் பலகை சும்மா நிற்கட்டும், இரண்டு பக்கமும் கொஞ்சம் இடைவெளி. மேசைக்கென்றால் கீழே சின்னக் கட்டைகள் வைத்து, திருகாணி போகும் ஓட்டையைக் கொஞ்சம் நீளமாக வெட்டுங்கள். அது நகரட்டும். பழைய வீட்டுக் கதவைக் கழற்றிப் பாருங்கள், நடுப்பலகைக்கு ஒரு துளி பசையும் இருக்காது.

பச்சை மரம் வாங்கினால் நிழலில் அடுக்குங்கள், வெயிலில் வேண்டாம். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரேயளவு சலாகைத் துண்டு, ஒன்றின் நேர் மேலே மற்றது. வெட்டுமுகம் இரண்டுக்கும் பழைய பெயின்ற் பூசிவிடுங்கள், ஈரம் அந்த வழியால்தான் வேகமாக ஓடும், அப்போதுதான் வெடிக்கும். தரையிலிருந்து நன்றாக உயர்த்தி வையுங்கள், கறையானுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை.


முள்ளியவளைக்காரி எழுதியது:

சோளகம் சேர் சொன்னதோடு ஒன்று. எந்த மரமும் கொட்டிலுக்குக் கொண்டுவந்த அன்றே வெட்டாதீர்கள். அப்பா கொண்டுவந்து சுவரில் சாத்திவிட்டு வேறு வேலை பார்ப்பார். இடைக்கிடை வந்து தட்டிப் பார்ப்பார், காய்ந்தால் சத்தம் மாறும். "இன்னும் அழுகுது" என்றால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

முதிரையில் சீவுளி பிய்த்தால், உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் சுரண்டுங்கள். கொஞ்சம் சரித்துப் பிடித்து இரண்டு கையாலும் இழுக்க, வெங்காயச் சருகுபோலச் சுருள் வரும். தூள்தான் வருகிறதென்றால் விளிம்பு மழுங்கிவிட்டது, வேறு துண்டு எடுங்கள். கையைத் துணியால் சுற்றிக்கொள்ளுங்கள்.


ஸ்காபரோ வன்னியான் எழுதியது:

உளி தீட்டுவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. கரண்ட் சாணையில் வைத்து விளிம்பு நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது, அந்தளவையும் தேய்த்து எறிய வேண்டும். அடிக்கடி தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துப் பிடிக்க வேண்டும். பாலை, முதிரை மாதிரி வைரமான மரத்துக்கு விளிம்புச் சரிவு 30 பாகைக்குக் குறையாமல் இருக்கட்டும், 25 பாகையில் தீட்டினால் முதல் அடியிலேயே நுனி உதிரும். என் அப்பாவுக்குப் பாகை தெரியாது, பெருவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார். வழுக்கினால் திரும்பக் கல்லுக்கு, பிடித்தால் வேலைக்கு.


உளிப்பிடி எழுதியது:

சரி தம்பி, உங்கள் அப்பா நல்ல மனிசன். இடியப்ப உரல் கேட்டீர்கள், இத்தனை பேர் எழுதியும் அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வைரம் உள்ள காய்ந்த முதிரை நல்லது, பலாவும் பாவிக்கலாம். வேம்பு வேண்டாம், கைப்பு மாவில் இறங்கும் என்று பெண்கள் வாங்க மாட்டார்கள், இறங்குகிறதோ இல்லையோ. கையால் அமத்துகிற பாரம் முழுவதும் இரண்டு பக்கக் கைபிடியில்தான் விழும். அதனால் கைபிடியின் நீளமும் நாரின் ஓட்டமும் ஒரே பக்கமாக இருக்கட்டும். குறுக்கு நாரில் வெட்டினால் முதல் இடியப்ப மாவுக்கே ஒடியும். ஒரே பலகையில் எல்லாம் வெட்டாமல் குழலைத் தனியாகவும் கைபிடியைத் தனியாகவும் வெட்டி, கழுந்து (துளைக்குள் போய் இறுகுகிற முளை) விட்டுப் பொருத்துங்கள். குழலின் உட்பக்கமும் உள்ளே போகும் கட்டையும் காகிதத் தடிப்புக்குத்தான் இடைவெளி. கூடினால் மா மேலால் பிதுங்கும், குறைந்தால் ஈரத்தில் ஊதி இறுகி வெளியே வராது. கடைசல் இருக்கிற இடத்தில் குழலைக் கடைந்து எடுங்கள், உளியால் குடைந்தால் வட்டம் வராது, வீண் ரோசம் வேண்டாம். அடித்தட்டுக்குப் பித்தளை, துவாரம் போட்டதே கடையில் இருக்கிறது.

எண்ணெய் பூசுவதென்றால் தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது காயாது, கொஞ்ச நாளில் சிக்கு நாற்றம் வரும். வார்னிஷும் வேண்டாம், சாப்பாட்டுச் சாமான். தேன்மெழுகு கிடைத்தால் உருக்கிச் சூட்டோடு தேயுங்கள், காட்டுத் தேன் எடுக்கிறவர்களிடம் கேட்டால் மெழுகை எறியாமல் தருவார்கள்.

என் மகன் இந்த வேலைக்கு வரவில்லை. கொழும்பில் நிற்கிறான். பழகு என்று நான் கேட்கவும் இல்லை. முன்பு செய்த வேலையைப் பார்த்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தருகிறார்கள், நான் எடுத்தேன், அதைப் பார்த்துத்தான் அவனுக்கு இந்தத் தொழிலில் கொஞ்சம் மதிப்பு வந்தது. வேலையைப் பார்த்து வரவில்லை.


கனகராயன்கரை எழுதியது:

அண்ணை, உங்கள் பதிலை அச்செடுத்துக் கொட்டிலில் ஒட்டிவிட்டேன். கடைசல் இடம் ஒன்று பரந்தன் பக்கம் இருக்கிறதாம், அப்பா சொன்னார். நீங்கள் எந்தப் பக்கம்? மகனை விடுங்கள், நான் ஒரு சனிக்கிழமை வந்து பார்க்கலாமா? பொருத்துகிறபோது பக்கத்தில் நின்றால் போதும், கூலி தருவேன், வேண்டாம் என்று சொல்லக் கூடாது.


உளிப்பிடி எழுதியது:

ஒட்டுசுட்டான் பக்கம். கூலி வாங்குவேன், பயப்படாதையும். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாரும், முழங்கால் நொந்தால் இருக்கக் கதிரை இருக்கிறது. மரத்தை மட்டும் நீர் கொண்டு வர வேண்டும்.


மரக்காலைத்தம்பி எழுதியது:

முதிரைத் துண்டு நான் எடுத்து வைக்கிறேன், பழைய வீட்டுக் கைமரம், நன்றாகக் காய்ந்தது. ஆணி ஓட்டை இரண்டு இருக்கிறது, அதைத் தவிர்த்து வெட்டினால் குழலுக்கும் கைபிடிக்கும் காணும். ஞாயிறு பூட்டு, சனி மத்தியானத்துக்கு முன் வாங்கோ.